கவிழ்த்தவர் வெல்வாரா? மலாக்கா சொல்லும் பாடம்

(தங்கா பத்து வட்டாரக் குடும்பச் சந்திப்பில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வேலை முடிந்து களைப்போடு வந்திருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு நாளை பள்ளி இருக்கிறது. ஆகவே நீட்டி முழக்க மாட்டேன்.

உள்ளே வரும்போது ஓர் அம்மா என்னை நிறுத்திக் கேட்டார்: "தம்பி, ஆட்சியில இருக்கிறவன பாதியிலேயே கவுத்துட்டா, அடுத்த தேர்தல்ல எதிர்க்கட்சிக்கு லாபமா, நட்டமா?"

நல்ல கேள்வி. அமெரிக்காவிலும் தென் கொரியாவிலும் அதிபரைப் பதவி நீக்கம் செய்யப் புறப்படும் கட்சிகள் போடும் கணக்கும் இதுதான். நம் நாட்டில் அப்படி ஓர் அதிபர் இல்லை. பிரதமரோ மாநில முதலமைச்சரோ பெரும்பான்மையை இழந்தால் ஆட்சி போய்விடும். வழி வேறு, கணக்கு ஒன்று. அந்தக் கணக்கை 2021-இல் நம் வீட்டு வாசலிலேயே போட்டுப் பார்த்தார்கள்.

நினைவுபடுத்துகிறேன். 2018 பொதுத் தேர்தலில் மலாக்காவின் 28 சட்டமன்றத் தொகுதிகளில் பக்காத்தான் ஹராப்பான் 15-ஐ வென்றது. அட்லி சஹாரி முதலமைச்சரானார். 2020 மார்ச்சில் பெர்சத்து கட்சியினர் இருவரும், ஜ.செ.க., பிகேஆர் கட்சிகளிலிருந்து தலா ஒருவரும் விலகினர். ஆட்சி கவிழ்ந்தது. அம்னோவின் சுலைமான் முகமட் அலி முதலமைச்சரானார். பக்காத்தான் அதைப் பின்கதவு ஆட்சி என்றது. தாவியவர்களைத் தவளைகள் என்றது. நாமும் கைதட்டினோம்.

2021 அக்டோபர் 4-ஆம் தேதி நான்கு சட்டமன்ற உறுப்பினர்கள் சுலைமானுக்குத் தந்த ஆதரவை மீட்டுக்கொண்டனர். அவர்களில் இருவர் நம் தங்கா பத்து நாடாளுமன்றத் தொகுதிக்குள் இருப்பவர்கள்: சுங்கை ஊடாங் இட்ரிஸ் ஹரோன், பந்தாய் குண்டோர் நோர் அஸ்மான் ஹசான். இன்னொருவர், 2020-இல் ஜ.செ.க.வை விட்டு விலகி பக்காத்தான் ஆட்சி கவிழக் காரணமானவர்களில் ஒருவர்!

பக்காத்தானிடம் 11 பேர். நான்கைச் சேர்த்தால் 15. தேர்தல் இல்லாமலே ஆட்சி கைக்கு வரும் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் முதலமைச்சர் சட்டமன்றத்தைக் கலைக்கும்படி கேட்டார். மாநில ஆளுநரும் இணங்கினார். நவம்பர் 20-இல் தேர்தல். நடுவில் 47 நாள்தான்.

முடிவு என்ன? பாரிசானுக்கு 21. பக்காத்தானுக்கு 5. பெரிக்காத்தானுக்கு 2. பிகேஆர் ஓர் இடம்கூடப் பெறவில்லை. இட்ரிஸ் ஹரோன் அசஹான் தொகுதிக்கு மாறி, பக்காத்தான் வேட்பாளராக நின்றார், தோற்றார். நோர் அஸ்மான் அதே பந்தாய் குண்டோரில் பக்காத்தானுக்காக நின்றார், அவரும் தோற்றார். தங்கா பத்துவின் நான்கு சட்டமன்றத் தொகுதிகளில் சுங்கை ஊடாங் பெரிக்காத்தானுக்கும், மற்ற மூன்றும் பாரிசானுக்கும் போயின.

ஏன்? நேற்றுவரை தவளை என்று ஏசியவரோடு இன்று கைகுலுக்கினால் மக்கள் எதை நம்புவார்கள்? "இவர்களும் நாற்காலிக்குத்தான் அலைகிறார்கள்" என்ற எண்ணம் வந்துவிட்டது. கோவிட் காலத்தில் எதற்கு இந்தத் தேர்தல் என்ற கோபமும் சேர்ந்துகொண்டது.

இன்னோர் உண்மையையும் மறைக்கக்கூடாது. பாரிசானுக்குக் கிடைத்தவை சுமார் 38 விழுக்காட்டு ஓட்டுகள்தான். பக்காத்தானுக்குச் சுமார் 36 விழுக்காடு. மற்றவற்றில் பெரும்பகுதியைப் பெரிக்காத்தான் பிரித்தது. ஓட்டுப் போட வந்தவர்கள் 66 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் வந்தார்கள்? மக்கள் பாரிசானை வாழ்த்தி அனுப்பினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எதிர்க்கட்சியை நம்பியிருந்தவர்களில் பலர் மனம் வெறுத்து வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

உலகத்திலும் இதுதான் நடந்திருக்கிறது. 2004-இல் தென் கொரிய எதிர்க்கட்சிகள் அதிபர் ரோ மூ ஹியூனை நாடாளுமன்றத்தில் பதவி நீக்கம் செய்ய வாக்களித்தன. மக்கள் கொதித்தார்கள். அடுத்த மாதத் தேர்தலில், 50 இடம்கூட இல்லாதிருந்த அவருடைய ஆதரவுக் கட்சி 299-இல் 152 இடங்களைப் பிடித்தது. நீதிமன்றம் அவரை மறுபடியும் பதவியில் அமர்த்தியது. அதே நாட்டில் 2016-இல் அதிபர் பார்க் கியூன் ஹேவுக்கு எதிராக மக்கள் வாரக்கணக்கில் மெழுகுவர்த்தி ஏந்தித் தெருவில் நின்றார்கள். அதன் பிறகே நாடாளுமன்றம் வாக்களித்தது. 2017-இல் அவர் பதவி இழந்தார், எதிர்க்கட்சி வென்றது.

வித்தியாசம் புரிகிறதா? மக்கள் முதலில் எழுந்து, தலைவர்கள் பின்னால் வந்தால் லாபம். தலைவர்கள் அறைக்குள் பேசி முடித்துவிட்டு மக்களிடம் வந்தால் நட்டம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கவிழ்த்தவன் எப்போதும் தோற்பான் என்று நினைக்காதீர்கள். 2009-இல் பேரா மாநிலத்தில் மூவர் தாவியதால் நிஜார் ஜமாலுடினின் ஆட்சி போனது. அங்கே சட்டமன்றத்தைக் கலைக்க சுல்தான் இணங்கவில்லை. நிஜார் வழக்கைக் கூட்டரசு நீதிமன்றம் வரை கொண்டு போய் 2010-இல் தோற்றார். கவிழ்த்த பாரிசான் நான்கு ஆண்டுகள் ஆட்சியில் இருந்துவிட்டு, 2013-இல் 31-க்கு 28 என்று வென்றது. உடனே தேர்தல் வந்தால் மக்களுக்கு நினைவிருக்கும். நான்கு ஆண்டு கழித்து வந்தால் பதவியில் இருப்பவன் கை ஓங்கிவிடும்.

மலாக்காவில் வென்றவர்களுக்கும் பாடம் வந்தது. ஒரே ஆண்டில், 2022 பொதுத் தேர்தலில், மலாக்காவின் ஆறு நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்றைக்கூட பாரிசான் பெறவில்லை. மூன்று பக்காத்தானுக்கு, மூன்று பெரிக்காத்தானுக்கு. நம் தங்கா பத்து பாஸ் கட்சியிடம் போனது.

சரி, கட்சிகளின் லாப நட்டம் இருக்கட்டும். நம்முடையது என்ன?

நான் பார்த்த ஒரு கோப்பைப் பற்றிச் சொல்கிறேன். தோட்ட லயத்தை விட்டு வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வாங்கிய சில குடும்பங்கள். மாற்று வீடு கேட்டு மனு கொடுத்தோம். ஓர் அதிகாரி பரிவோடு கேட்டார். ஆட்சி மாறியது, "புது ஆட்சிக்குழு உறுப்பினரைப் பாருங்கள்" என்றார்கள். அவரைப் பார்த்தோம். சட்டமன்றம் கலைந்தது, "தேர்தல் முடியட்டும்" என்றார்கள். முடிந்தது, "புதிதாக மனு எழுதுங்கள்" என்றார்கள். அந்த வரிசையில் நின்ற ஒரு பாட்டி, மூன்றாவது மனுவில் கைரேகை வைக்க உயிரோடு இல்லை. தலைவர்களுக்கு அது அரசியல் ஆட்டம். நமக்கு அது கூரை.

2022 அக்டோபரில் கட்சித் தாவல் தடைச் சட்டம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு நடப்புக்கு வந்தது. தாவினால் பதவி போகும். ஆனால் கட்சியே ஒருவரை நீக்கினால் பதவி போகாது. ஓட்டை இன்னும் இருக்கிறது.

ஆகவே மூன்று வேண்டுகோள். ஒன்று, எவர் ஓட்டுக் கேட்டு வந்தாலும், "இடையில் தாவ மாட்டேன், தாவினால் பதவி விலகுவேன்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு, வீடு, தமிழ்ப்பள்ளி, அடையாள அட்டை என்று எந்த மனுவானாலும், முத்திரை குத்திய நகலை வாங்கி வீட்டில் வையுங்கள். ஆட்சி மாறினாலும் தேதி மாறாது. மூன்று, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளை ஓட்டு நாளில் கூப்பிடுங்கள். பஸ் டிக்கெட் செலவு பெரிதுதான். வராமல் போனால் ஆகும் செலவு அதைவிடப் பெரிது.

அந்த அம்மாவுக்கு என் பதில் இதுதான்: அம்மா, உங்களைக் கேட்காமல் கவிழ்த்தால் அவர்களுக்கு நட்டம் வரலாம், வராமலும் போகலாம். நமக்கு நட்டம் நிச்சயம்.