ஊரைக் காட்டுவதிலேதான் சுகம்!

நடுவர் அவர்களே! எதிரணியிலே வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நண்பர்களே! அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு வந்து தொலைக்காட்சி முன்னால் அமர்ந்திருக்கிற தாய்மார்களே!

சொந்த ஊருக்குப் போவதிலே பெரிய சுகம், தனியாகப் போய்ப் பார்ப்பதிலா, வந்தவர்களுக்குக் காட்டுவதிலா? எனக்கு முன்னால் பேசிய நண்பர், "விருந்தாளியைக் கூட்டிட்டுப் போனா நாம கைடு ஆயிடுறோம், நம்ம ஊரு நமக்குக் கெடைக்காது"ன்னு சொல்லிக் கைத்தட்டல் வாங்கினார். ஐயா, நான் இராமேசுவரத்துக்காரி. தனியாகப் போனால் நான் என்ன செய்வேன் தெரியுமா? அம்மா வைத்த மீன்குழம்பு, திண்ணையிலே தூக்கம், மறுநாள் சாயங்காலம் ரயில். இதுக்குப் பேரு ஊரைப் பார்க்கிறதா? (சிரிப்பு)

2019-ல் என் மகளுடைய மாமியார் வீட்டார் கோயம்புத்தூரிலிருந்து வந்தார்கள். மண்டபம் தாண்டி ரயில் பாம்பன் பாலத்திலே ஏறினதும் சம்பந்தியம்மா என் கையைப் பிடித்தவர்தான், விடவே இல்லை! "ரெண்டு பக்கமும் கைப்பிடிச் சுவரே இல்லீங்களே!" என்றார். 1914-ல் திறந்த பாலம் அது. 1988-ல் சாலைப் பாலம் வருகிறவரைக்கும் ரயிலை விட்டால் எங்களுக்குப் படகுதான். கப்பல் வந்தால் நடுவிலே இரண்டு இரும்புக் கதவாகப் பிரிந்து மேலே தூக்கும். ஆட்கள் கையால் திருகித்தான் தூக்குவார்கள். இப்போ 2025-ல் புதுப் பாலம் திறந்தாச்சு. அதிலே நடுப்பாகம் லிஃப்ட் மாதிரி நேராக மேலே ஏறுகிறது. எத்தனையோ தடவை போனவள் நான். அவர் பயந்த பிறகுதான் ஐயா, கீழே கடல் இருக்கிறதை நான் பார்த்தேன்!

கோயிலிலே 22 தீர்த்தமும் ஆடினோம். எட்டாவது கிணற்றிலேயே சம்பந்தி நடுங்கிப் போனார். அந்த நடுக்கத்திலேயும் ஒரு கேள்வி கேட்டார்: "சுத்தியும் கடல். இந்தத் தண்ணி எப்படிங்க உப்புக் கரிக்கலை?" பிறந்ததிலிருந்து குடிக்கிற எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை! மணலிலே இறங்குகிற மழைத்தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் கனம். அதனால் நல்ல தண்ணீர் மேலே மிதந்து நிற்கிறது. தனுஷ்கோடியிலே கடலுக்குப் பக்கத்திலேயே கையால் மணலைத் தோண்டி எங்கள் பெண்கள் குடிநீர் எடுப்பார்கள்.

தனுஷ்கோடி... அப்பா பிறந்த ஊர். 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயலிலே, பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலையே பயணிகளோடு கடல் கொண்டு போய்விட்டது. அப்பாவுக்கு அப்போ 16 வயசு. தப்பித்து வந்தவர் பிறகு அந்தப் பக்கம் போனதே இல்லை. நாங்களும் கேட்டதில்லை. கேட்க வாயெடுத்தால் அம்மா கண்ணைக் காட்டுவார்கள். 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை வந்த பிறகும் அவர் போகவில்லை.

விருந்தாளி வந்திருக்கிறார்களே, வீட்டுப் பெரியவர் கூடப் போகாமல் இருக்கலாமா? வேனிலே ஏறினார். இடிந்த சர்ச்சுக்கிட்டே இறங்கினோம். சம்பந்தியோட பேத்தி, ஏழு வயசு, பட்டென்று கேட்டுவிட்டது: "தாத்தா, உங்க வீடு எது?" எனக்கு நெஞ்சு பதறிப் போச்சு.

அப்பா அந்தக் குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு மணலிலே நடந்தார். கொஞ்ச தூரம் போய் நின்றார். அங்கே ஒன்றுமே இல்லை ஐயா, வெறும் மணல்! "இது வாசப்படி. இங்க எங்கம்மா மீன் ஆய்வாங்க. இந்தப் பக்கமாத்தான் ஓடினோம். என் தங்கச்சி கையை இந்தக் கையிலதான் புடிச்சிருந்தேன்" என்று வலது கையை நீட்டிக் காட்டினார். அந்தப் புயலிலே அத்தை போய்விட்டார் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அப்பா கையிலிருந்துதான் போனார் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

பெற்ற மகள் நான். 50 வருஷமாக என்னிடம் சொல்லாததை ஒரு கோயம்புத்தூர்ப் பிள்ளைக்கு அல்லவா சொன்னார்! நண்பரே, தனியாகப் போயிருந்தால் நான் திண்ணையிலே தூங்கிக்கொண்டிருந்திருப்பேன். (பலத்த கைத்தட்டல்)

அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். எதிரணி மொத்தத்துக்கும் டிக்கெட் போட்டாச்சு. நடுவர் ஐயாவுக்குக் கீழ் பர்த்து!