பழம்பொருள் நிறைந்த வீடு

யாழ்ப்பாணத்து வீடுகளிலே பொருள் சென்று சேர்வதற்கென்றே சில இடங்கள் அமைந்துள்ளன. கூரையின் கீழுள்ள பரண் ஒன்று. கோடிப்புறத்துக் கொட்டில் மற்றொன்று. கால் ஒடிந்த கதிரையும், கம்பி கழன்ற குடையும், மூடியில்லாச் சாடியும் “என்றைக்காவது உதவும்” என்னும் ஒரு சொல்லின் வலியால் அங்கே இடம் பெறுகின்றன. அந்த என்றைக்காவது பெரும்பாலும் வருவதில்லை. வந்தாலும், பொருள் கிடக்குமிடம் தெரியாமையால் கடையிலே புதிதொன்று வாங்கப்படுகிறது. அவ்வாறு வந்த இரண்டாவது சுத்தியல், சில நாளில் முதலாவதற்குத் துணையாகப் பரணேறுவதும் வழக்கமே.

இதனைச் சோம்பலென்று இகழ்ந்துவிடுதல் நேர்மையன்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் சில மணி நேரத்துள் வீடுகளைப் பூட்டித் தென்மராட்சி நோக்கி நடந்தனர். மறு ஆண்டிலே திரும்பியவர்களுட் பலர் வெறுஞ்சுவர்களையே கண்டனர். அத்தகைய வீடொன்றில் வாழும் மூதாட்டி ஒருத்தி, வெற்றுப் போத்தலையும் வீச மனங்கொள்ளாள். கொழும்பிலிருந்து வந்த மருமகள் துப்புரவு செய்ய முற்பட்டபோது, “ஒன்றுமில்லாமல் ஓடின ஆட்களுக்குத்தான் இதுகளின்ரை அருமை தெரியும், பிள்ளை” என்றாளாம். அதற்கு என்ன மறுமொழி கூறுவது? மருமகள் ஒன்றும் கூறாது வளவுக்குச் சென்றாள்.

வேலையை வளவிலே தொடங்கியது நல்லதாயிற்று. வீட்டினுட் கிடக்கும் பழம்பொருள் இடத்தை மட்டுமே பிடிக்கும்; வெளியே கிடக்கும் சிரட்டையும், தயிர்ச்சட்டியும், பழைய ரயரும் உயிரையே கொள்ளும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் டெங்கு நோயாளராகப் பதியப்பட்டோர் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். இந்நோயைப் பரப்பும் நுளம்பு, சாக்கடையை நாடாது தெளிந்த நீரையே பெரிதும் விரும்புவது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரிலே முட்டையிடும். அம்முட்டைகள் உலர்ந்தும் பல மாதம் உயிர் தாங்கி, அடுத்த மழையிலே பொரிக்கும். ஆகவே நீரை ஊற்றிவிட்டாற் போதாது. உட்புறத்தைத் தும்பினால் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். முட்டை நுளம்பாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முதற் பத்து நாள் வரை செல்லுமாதலால், வாரம் ஒருமுறை வளவைச் சுற்றி வருவது வீட்டாருக்குக் கட்டாயமான கடமையாகும்.

வெளி துப்புரவான பின்பே மருமகள் கொட்டிலைத் திறந்தாள். அவள் செய்த ஒரு காரியம் பாராட்டத்தக்கது. பிறர் பொருளை அவரில்லாத வேளையில் எறிபவர் வீட்டைத் துப்புரவாக்கினும் பகையை வளர்ப்பர். அவளோ மாமியை வாசலிலே சாய்மனைக் கதிரையில் இருத்தி, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். போத்தல்கள் வந்தபோது, “அன்றிரவு பையிலே என்னென்ன எடுத்துப் போனீர்கள், மாமி?” என்று வினவினாள். காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், அடையாள அட்டை, கலியாணப் படம், ஒரு செம்பு என்று மூதாட்டி விரல்விட்டு எண்ணினாள். எண்ணி முடித்துச் சிரித்துவிட்டாள். அதன்பின் வேலை விரைவாக நடந்தது.

எனினும் கழிப்பதிலே விரைவு எங்கும் நன்றன்று. பெட்டகத்தின் அடியிலே கறையான் அரித்த ஏட்டுக்கட்டொன்றும், பழுப்பேறிய கொப்பிகள் சிலவும் அகப்பட்டன. குப்பையோடு எரிக்க எடுத்த மருமகளின் கையை மூதாட்டியே தடுத்தாள். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இலே கலித்தொகையை அச்சேற்றியது, இவ்வாறு வீடுகளிலும் மடங்களிலும் எஞ்சிக்கிடந்த ஏடுகளைத் தேடிக் கொண்டேயன்றோ? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் அழிந்தன. அதன்பின் இங்குள்ள வீட்டுப் பெட்டகங்களிற் கிடக்கும் பழந்தாளுக்கு மதிப்பு ஏறியிருக்கிறது. 2005 முதல் இயங்கும் நூலகம் என்னும் இணைய நூலகம் இத்தகைய ஏடுகளையும் இதழ்களையும் படமெடுத்துப் பேணி வருகிறது. கட்டை வலிந்து பிரித்தலும், வெயிலிற் காயவிடுதலும் ஆகா; மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டி, உலர்ந்த இடத்தில் வைத்து, அறிந்தவரை அழைத்தலே தக்கது.

ஒழுங்கைப் பேணுவதற்கு அவர்கள் கண்ட வழி எளியது. கத்தரிக்கோலுக்கு ஓர் ஆணி, திறப்புகளுக்கு ஒரு தட்டு, உறுதிகளுக்குப் பூட்டுள்ள தகரப்பெட்டி என இடம் வகுத்தனர். பேரப்பிள்ளைகள் முதல் வாரம் மறந்தனர். மறந்தவரே தேடவேண்டும் என்று விதித்தபின் அவ்வளவாக மறக்கவில்லை.

கொட்டில் இப்பொழுது பாதி வெறுமையாயிருக்கிறது. போத்தல்களுள் ஆறினை மட்டும் மூதாட்டி கழுவி, நல்லெண்ணெய்க்கென அடுப்படித் தட்டிலே அடுக்கி வைத்திருக்கிறாள். மருமகளும் அதைக் கண்டு ஒன்றும் கேட்டிலள்.