ஆட்டிசக் குழந்தைகளும் மலக் கசிவும்

ஆட்டிசம் உள்ள குழந்தை உள்ளாடையிலேயே மலம் கழித்துவிடுவதை அடம் என்று பலர் கருதினாலும், அதன் பின்னே பெரும்பாலும் நாள்பட்ட மலச்சிக்கலே மறைந்திருக்கிறது. இறுகிய மலம் தேங்கி மலக்குடல் விரிந்துவிடுவதால் மலம் வரும் உணர்வு மங்கிப்போக, இளகிய மலம் அந்த அடைப்பின் ஓரமாக வழிந்து கசிகிறது. குழந்தை உணராமலே நேரும் இதற்காக அதனை அடிப்பது கொடுமை, கசிவை வயிற்றுப்போக்கு என்று எண்ணி மலமிளக்கியை நிறுத்துவதோ நிலைமையை மோசமாக்கும். மருத்துவர் பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற மலமிளக்கியால் முதலில் தேக்கத்தை நீக்கி, பின்னர் பல மாதங்கள் அம்மருந்தைத் தொடரச் செய்கிறார். உண்டதும் பெருங்குடல் இயல்பாகவே சுருங்குவதால், காலை உணவுக்குப் பின், பாதங்கள் நன்கு ஊன்றும்படி முக்காலி வைத்துக் குழந்தையைக் கழிப்பறையில் சில நிமிடங்கள் அமர்த்தி, அமர்ந்ததற்கே பாராட்டுவது பயனளிக்கும். கால்சட்டையைக் கழற்றுவது முதல் கை கழுவுவது வரையுள்ள படிகளைப் படங்களாகச் சுவரில் ஒட்டிவைக்கலாம். ஃப்ளஷ் ஓசைக்கு அஞ்சும் குழந்தை வெளியே வந்த பிறகு தண்ணீரைத் திறந்துவிடலாம்.