ஜூபிலியும் கிளுவை வேலியும்

(ஜூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜூபிலி என்றதும் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் நம் நினைவுக்கு வருகின்றன. லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரமோ நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. ஏழாம் ஆண்டில் நிலம் ஓய்ந்திருக்க வேண்டும். அப்போது தானாக விளைவது வீட்டாருக்கும் கூலியாளுக்கும் மட்டுமல்ல, கால்நடைக்கும் காட்டு விலங்குக்கும் உணவாக வேண்டும் என்பது கட்டளை. ஐம்பதாம் ஆண்டாகிய ஜூபிலியிலும் விதைப்பில்லை, அறுப்பில்லை. ஆகவே ஜூபிலியில் வாயில்லா ஜீவன்களுக்கும் பங்கு உண்டு.

நம் கொங்கு நாட்டுப் பெரியவர்கள் இந்தப் பங்கை வேலியிலேயே வைத்திருந்தார்கள். காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளைப் பாருங்கள். மாடு மேயக் கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. கிளுவைப் போத்தை வெட்டி ஊன்றினால் வேர் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் கோவையும் பிரண்டையும் முடக்கத்தானும் படரும். கோவைப் பழத்துக்குப் பறவைகள் வரும்; அடியில் கவுதாரியும் ஓணானும் ஒதுங்கும். இன்று பல இடங்களில் அதை வெட்டிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டுகிறோம். கம்பியில் காக்கை உட்காரலாம். குருவி கூடு கட்ட முடியுமா?

"டவுனில் குடியிருக்கும் எங்களுக்கு ஏது வேலி?" என்று கேட்பீர்கள். இரண்டு சென்ட் வீட்டிலும் ஒரு மூலை இருக்கும். பூவில் தேன் குடிக்க வரும் வண்ணத்துப்பூச்சிக்கு முட்டையிட அதற்குரிய இலையும் வேண்டும். கறிவேப்பிலை, எலுமிச்சை, எருக்கு, ஆவாரை ஆகிய ஒவ்வொன்றையும் நம்பிச் சில வகைகள் வாழ்கின்றன. பொங்கலுக்குக் காப்புக் கட்டக் கடையில் வாங்கும் ஆவாரம்பூ நம் வாசலிலேயே பூக்கட்டுமே! இலையில் புழுவைக் கண்டதும் மருந்து அடிக்காதீர்கள். தானியம் தின்னும் சிட்டுக்குருவியும் தன் குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டுகிறது.

அசிசியின் புனித பிரான்சிஸ், மடத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியைக் காட்டுப் பூக்களுக்காக அப்படியே விட்டுவைக்கச் சொன்னார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில் இதை நினைவூட்டினார். அப்புனிதரின் திருநாள் அக்டோபர் 4. நமக்கு அது வடகிழக்கு மழையை எதிர்பார்த்திருக்கும் காலம். செடி வைக்க ஏற்ற நேரம்.

எனவே ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு ஒரு மூலையை விடுங்கள். நம் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக் கிளுவைப் போத்து ஊன்ற வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். விழாப் பந்தலைப் பிரித்த பின்னும் அந்த வேலி நிற்கும்.

மரியே வாழ்க!