கவிஞர்கள் அச்சிட்ட வாழ்த்து
(வேப்பனப்பள்ளியில் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1831ஆம் ஆண்டளவில் படைத்த பேரலை ஓவியத்தை வாழ்த்து அட்டைகளில் நம்மில் பலரும் கண்டிருக்கிறோம். உயர்ந்து நுரைக்கும் அலை. அதன் அடியில் சிறுத்துத் தோன்றும் ஃபூஜி மலை. மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட ஓவியம் அது. அக்கலைக்கும் வாழ்த்துக்கும் உள்ள உறவு இன்றைய அட்டை வணிகத்தால் வந்ததன்று, கவிஞர்களால் வந்தது.

எடோ எனப்பட்ட இன்றைய டோக்கியோ நகரில், 1765ஆம் ஆண்டுப் புத்தாண்டுக்குக் கவிதை அன்பர்கள் நாட்காட்டி ஓவியங்களைத் தமக்குள் வழங்கிக்கொண்டனர். எந்த மாதத்துக்கு 30 நாள், எதற்கு 29 நாள் என்பதை ஓவியத்துக்குள் மறைத்து வைப்பது அவர்களது விளையாட்டு. ஒருவரையொருவர் விஞ்ச முயன்றதில், நிறத்துக்கொரு பலகை செதுக்கி அச்சிடும் முறை செழித்தது. ஹருநொபு என்னும் ஓவியர் அதில் முன்னின்றார்.

அடுத்த தலைமுறைகளில் 'சுரிமோனோ' என்னும் வாழ்த்தோவியங்கள் தோன்றின. கவிதைக் கழகங்கள் தம் செலவிலேயே அவற்றை அச்சிட்டன. உறுப்பினரின் கவிதை, அதற்கேற்ற ஓவியம், சிலவற்றில் கழகத்தின் சின்னம். உலோகத் துகள் மினுமினுக்கும். மையின்றி அழுத்திய புடைப்பு விரலுக்குத் தென்படும். அவை கடைக்குச் செல்லவில்லை. நண்பர் கைக்கே சென்றன. விற்பனைக் கவலை இல்லாததால் அழகில் சிக்கனம் பார்க்கவில்லை. ஹொக்குசாயும் இத்தகைய கழகங்களுக்கு வரைந்தவரே.

ஜப்பானியக் கவிதையைப் பாரதியார் 1916இலேயே சுதேசமித்திரனில் நமக்கு அறிமுகம் செய்தார். ஹைக்கூவை நாம் ஏற்றுக்கொண்டோம். கவிதையைக் கழகமே வாழ்த்தாக்கி அனுப்பும் வழக்கத்தை ஏற்கவில்லை. இதற்கிடையே பொங்கல் வாழ்த்து அட்டைகளும் அருகிவிட்டன. கைப்பேசியில் வரும் வாழ்த்து மறுநாள் வரை நிற்பதில்லை.

ஆதலால் இவ்வவையில் ஒரு வேண்டுகோள். வரும் தைத்திருநாள் முதல் நம் வட்டம் ஆண்டுக்கோர் அட்டை அச்சிட வேண்டும். அலையையும் ஃபூஜியையும் இரவல் வாங்க வேண்டாம். அவர்கள் புத்தாண்டுக்குப் பிளம் மலரை வரைந்தார்கள். நமக்குத் தைக் குளிரில் பூக்கும் மாந்தோப்பு இருக்கிறது. பாறைக் குன்றும் கேழ்வரகுக் கொல்லையும் இருக்கின்றன. செதுக்கிய பலகை கிடைக்காவிடில் கிருஷ்ணகிரி அச்சகமே போதும். கவிதை நம்முடையதாக இருக்கட்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் இவ்வெல்லையில், அண்டை மொழிக் கவிஞர்களுக்கும் அது செல்லட்டும்.

பத்தாண்டுகளாக நாம் கவிதையை அவையில் படித்தோம். இனி அது அஞ்சலிலும் செல்லட்டும்.