கதிர் என்னும் சொல்

'கதிர்' என்றதும் கவிஞர் நெஞ்சம் கீழ்த்திசைக் கடலை நோக்கும். திருவொற்றியூர்க் கரையில் அஃது இயல்பே. ஆயின் ஞாயிற்றின் கீற்றும் நெல்லின் கதிரும் இராட்டையின் கதிரும் ஒரே சொல்லால் வழங்குகின்றன. நேராய் நீண்டு கூர்ந்த வடிவமே மூன்றையும் பிணைத்தது போலும். இவற்றுள் வடசென்னைக்கு அணுக்கமானது மூன்றாவதே. சற்றே தள்ளி, பெரம்பூரில் 1876இல் எழுந்த பக்கிங்காம் ஆலையிலும் பின்னர் எழுந்த கர்நாடிக் ஆலையிலும் எண்ணற்ற கதிர்கள் இரவும் பகலும் சுழன்றன. அவ்வாலைத் தொழிலாளரிடையேதான் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, தமிழறிஞர் திரு.வி.க. அதற்குத் துணைநின்றார். 1996இல் ஆலைகள் மூடப்பட்டன. செங்கதிர், இளங்கதிர், வெண்கதிர் என்று அடுக்கத் தமிழ்க் கவிஞருக்குச் சொல்லித்தர வேண்டுவதில்லை! பஞ்சுத் தூசியில் நின்றவர் கையருகே சுழன்ற கதிரைப் பாடியோரோ மிகச் சிலர்.