பண்டிகை யாருக்காக?

(அடுகோடியில், நவராத்திரிக்கு முந்தைய உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

நவராத்திரி மகிமை பற்றிப் பேச வேண்டும் என்றுதான் காரியதரிசி என்னிடம் கேட்டார். மகிமையைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த சபையிலேயே இருக்கிறார்கள். நானோ பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ரிடையர் ஆனவள். ஆகையால் அவர் அனுமதியுடன் வேறொரு விஷயத்தை எடுத்துக் கொள்கிறேன். பண்டிகை நெருங்க நெருங்க சில வீடுகளில் சந்தோஷத்துக்குப் பதிலாக ஒரு பயம் வருகிறதே, அதைப் பற்றி.

எந்த வீடுகள் என்று கேட்பீர்கள். ஹோசூர் ரோடு டிராஃபிக்கில் மாட்டிக் கொண்டு ராத்திரி எட்டு மணிக்கு வீடு சேருகிற மருமகள் வீடு. பிள்ளையும் பெண்ணும் வெளிதேசத்தில் இருக்க, எழுபது வயசுக்கு மேல் இரண்டே பேராக இருக்கிற வீடு. வாரத்தில் மூன்று நாள் டயாலிஸிஸுக்குப் போய் வருகிற மாமா இருக்கும் வீடு. சமீபத்தில் ஒருவரைப் பறிகொடுத்த வீடு. இத்தனை பேரிடமும் லிஃப்டில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "என்ன மாமி, இந்த வருஷம் எத்தனை படி?"

கேட்பவர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் கேட்கப்பட்டவளுக்கு அன்று ராத்திரி தூக்கம் வருவதில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்பெல்லாம் தாம்பூலம் என்றால் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு தேங்காய். முடிந்தால் ஒரு ரவிக்கைத் துணி. இன்று ஒரு பையில் எவர்சில்வர் டப்பா, விளக்கு, அலங்காரப் பெட்டி என்று சேர்ந்துவிட்டது. பை ஒன்றுக்கு 150 ரூபாய் என்றாலும் 50 பேருக்கு 7,500 ரூபாய். பென்ஷனில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. எதிர் வீட்டில் கொடுத்துவிட்டார்களே என்று நாமும் கொடுக்கிறோம். நாம் கொடுத்ததைப் பார்த்து அடுத்த வீட்டில் கொடுக்கிறார்கள். இந்தப் போட்டியை யார் ஆரம்பித்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

இளைய தலைமுறைக்கும் இதே தொல்லைதான், பெயர்தான் வேறு. பக்கத்தில் கோரமங்களா ஆபீஸுகளில் தீபாவளிக்கு எல்லோரும் பட்டு கட்டிக்கொண்டு வர வேண்டும். டிசம்பரில் சீட்டுக் குலுக்கிப் பரிசு கொடுக்க வேண்டும். 31ஆம் தேதி ராத்திரி பார்ட்டி. ஒதுங்கி நிற்கும் பையனைப் பார்த்து, "ஏன், உனக்கு எங்களையெல்லாம் பிடிக்கலையா?" என்று கேட்கிறார்களாம்.

சரி, நம் பெரியவர்கள் இதை எப்படி வைத்திருந்தார்கள்? பூஜைக்கு சங்கல்பம் செய்யும்போது 'யதாசக்தி' என்று ஒரு வார்த்தை வருகிறது. நம் சக்திக்கு எவ்வளவோ அவ்வளவு என்று அர்த்தம். பகவத் கீதை 9வது அத்தியாயத்தில் பகவான் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லும் பொருள்கள் நான்கு: இலை, பூ, பழம், தண்ணீர். அதில் பட்டியல் போட்டு சுண்டல் கேட்கவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். நவராத்திரிக்கு முன்னால் வருவது மஹாளய பக்ஷம். போனவர்களை நினைத்து எள்ளும் தண்ணீரும் விடுகிற நாட்கள். அது முடிந்த கையோடு கொலுப்படி. துக்கத்தையும் சந்தோஷத்தையும் அடுத்தடுத்து வைத்தவர்களுக்கு, மனசு இரண்டுக்கும் நடுவில் தடுமாறும் என்பது தெரியாமலா இருந்திருக்கும்?

நம் கர்நாடகத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. மைசூர் உடையார்கள் 1610இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தசராவை ஆரம்பித்தார்கள். இன்றைக்கு ஜம்பு சவாரியில் சாமுண்டேஸ்வரி எழுந்தருளுவது 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரியில். அதைச் சுமக்க யானை இருக்கிறது. நம் வீட்டு அம்பாரியை ஒரே ஒரு மருமகள் தலையில் வைத்துவிட்டு, "ஏன் முகம் வாடியிருக்கு?" என்று கேட்கிறோம்! அந்த தசராவே 2020இல் கொரோனா காரணமாக அரண்மனை வளாகத்துக்குள்ளேயே, குறைந்த ஜனங்களோடு நடந்து முடிந்தது. அம்பாள் கோபித்துக் கொண்டதாக யாரும் சொல்லவில்லை. நானூறு வருஷத்து ராஜ உற்சவம் காலத்துக்குத் தக்கபடி சுருங்கலாம் என்றால், நம் வீட்டு ஒன்பது படி மூன்று படியாகக் கூடாதா?

இனி, முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்.

வீட்டில் ஒருவர் காலமானால் அந்த வருஷம் பண்டிகை இல்லை என்று வைத்திருக்கிறார்கள். பக்ஷணம் இல்லை, புதுத்துணி இல்லை, கொலு இல்லை. இதை ஒரு குறை மாதிரிப் பேசுகிறோம். எனக்கு அது பெரிய கருணையாகத்தான் தெரிகிறது. ஒரு வருஷம் யாருக்கும் சிரித்துக் காட்ட வேண்டாம் என்று சமூகமே கொடுத்த லீவு அது.

ஆனால் கல்யாணமான பெண்ணுக்கு அந்த லீவு கிடையாது. பெற்றவர்கள் போனால் அவளுக்குத் தீட்டு மூன்று நாள். புக்ககத்தில் பண்டிகை உண்டு. சாஸ்திரப்படி அது சரியாக இருக்கலாம். நான் அதை மாற்றச் சொல்ல வரவில்லை. மனசுக்கு கோத்திரம் மாறுவதில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

என் அம்மா ஒரு ஆவணி மாசத்தில் போனாள். சில வாரத்திலேயே நவராத்திரி. பொம்மைப் பெட்டியைத் திறக்கவே கை வரவில்லை. மரப்பாச்சி அம்மா கொடுத்தது. அக்கம்பக்கத்தில், "உனக்குத்தான் மூணு நாளோட போயாச்சே, வெச்ச கொலுவை விடக்கூடாதும்மா" என்றார்கள். என் மாமியார் அதிகம் பேசாதவர். அன்று சொன்னார்: "ஒரு கலசம் வை. ஒரு படி வை. விளக்கேத்து. வர்றவாளுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீ உள்ள போய் உக்காரு." ஒன்பது நாளும் வாசலில் தாம்பூலம் கொடுத்தது அவர்தான். நான் அழ வேண்டிய நேரத்தில் அழுதேன். வைக்க வேண்டிய விளக்கையும் வைத்தேன். இரண்டுக்கும் அந்த வீட்டில் இடம் இருந்தது.

அந்த அம்மாள் சாஸ்திரத்தை மீறவில்லை. ஊருக்கு பதில் சொல்லும் பாரத்தை மட்டும் தன் தோளுக்கு மாற்றிக் கொண்டார். துக்கத்தில் இருப்பவளால் தாங்க முடியாதது அந்த பாரம்தான்.

மற்ற தேசத்தாரும் இதற்கு வழி செய்து வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் புது வருஷ வாழ்த்து அட்டை அனுப்புவது பெரிய பழக்கம். வீட்டில் இழப்பு நேர்ந்தவர்கள் வருஷ முடிவுக்கு முன்பே தெரிந்தவர்களுக்கு ஒரு அட்டை எழுதி, 'நாங்கள் துக்கத்தில் இருக்கிறோம், இம்முறை வாழ்த்து இல்லை' என்று தெரிவித்து விடுவார்கள். யூதர்களில் தாய் தகப்பனை இழந்தவர்கள் 12 மாதம் கேளிக்கைகளில் கலந்து கொள்வதில்லை. அங்கே மகளுக்கும் மகனைப் போலவே. மேல்நாட்டில் சில சர்ச்சுகளில், கிறிஸ்துமஸ் சமயத்தில் மனசு கனத்திருப்பவர்களுக்கென்று, டிசம்பர் 21ஐ ஒட்டி அமைதியான தனி ஆராதனை நடத்துகிறார்கள். ஊரெல்லாம் குதூகலமாக இருக்கும்போது ஓரமாக நிற்பவனுக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

முதலாவது, முடியாதவர்கள் முன்கூட்டியே சொல்லி விடுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு வரி போதும்: 'இந்த வருஷம் எங்கள் வீட்டில் விளக்கு மட்டும்தான். அழைப்பு இல்லை.' காரணம் எழுதத் தேவையில்லை. ஜப்பான்காரர் அட்டையில் செய்வதை நாம் போனில் செய்கிறோம், அவ்வளவுதான்.

இரண்டாவது, நித்யம் எது, ஆடம்பரம் எது என்று பிரித்துக் கொள்ளுங்கள். உங்கள் குடும்ப வழக்கத்தில் எதைக் கட்டாயம் விடக்கூடாது என்று உங்கள் வாத்தியாரிடம் கேளுங்கள். பெரும்பாலும் பட்டியல் நீங்கள் பயந்ததைவிடச் சின்னதாக இருக்கும்.

மூன்றாவது, ஒன்பது நாளும் வாசலைத் திறந்து வைக்க வேண்டியதில்லை. ஒரு சனிக்கிழமை, நான்கு முதல் ஏழு மணி வரை என்றால் வருகிறவர்களுக்கும் சௌகர்யம்.

நான்காவது, நம் சங்கத்துக் குடும்பங்களுக்குள் தாம்பூலத்தை வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு பழம் என்று நிறுத்திக் கொள்ளலாம். வசதி உள்ளவர்கள் முதலில் குறைத்தால்தான் இல்லாதவர்கள் தைரியமாகக் குறைப்பார்கள்.

ஐந்தாவது, லிஃப்டில் கேட்கும் கேள்வியை மாற்றுங்கள். "எத்தனை படி?" என்பதற்கு பதில், "நான் வந்து ஏதாவது ஒத்தாசை பண்ணட்டுமா?" என்று கேளுங்கள். தீபாவளிக்கு பண்டிகை இல்லாத வீட்டுக்கு நம் வீட்டு பக்ஷணத்தைக் கொண்டு போகும் நல்ல வழக்கம் இருக்கிறதே, அதை விட்டுவிடாதீர்கள். கொண்டு போனால் பத்து நிமிஷம் உட்கார்ந்து விட்டு வாருங்கள்.

கடைசியாக ஒன்று. சில பேருக்கு 'ஏன் கொண்டாடவில்லை' என்ற நெருக்கடி. கணவரை இழந்த நம் சகோதரிகளுக்கு நேர் எதிர். அவர்களைக் கூப்பிடுவதே இல்லை. ஒருத்தியை இழுக்கிறோம், இன்னொருத்தியைத் தள்ளுகிறோம். இரண்டிலும் அவளுக்கு என்ன வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. இந்த நவராத்திரிக்கு அவர்களையும் கூப்பிடுங்கள்; வருவதும் வராததும் அவர்கள் இஷ்டம்.

அம்பாள் எல்லோர் வீட்டிலும் விளக்கு எரியும்படி அனுக்கிரகம் செய்யட்டும். ஒரு வீட்டில் ஒரே ஒரு விளக்குதான் எரிகிறது என்றால், அது போதும் என்று சொல்ல அக்கம்பக்கத்தில் நாம் இருப்போம்.